பஃபிங் போட்ட பாட்டு

1982 ஜனவரி தொடக்கத்தில், நியூ ஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில், வாடகை வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் சில பாடல்களைப் பதிவு செய்தார். டீயாக் கம்பெனியின் நான்கு டிராக் போர்ட்டாஸ்டுடியோ, இரண்டு மைக், ஒரு கிடார், ஒரு மவுத் ஆர்கன். ஆல்பம் போடும் எண்ணமெல்லாம் இல்லை. தன் குழுவினருக்குப் பாட்டைக் காட்ட ஒரு மாதிரி வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றினார். பிறகு ஈ ஸ்ட்ரீட் பேண்டோடு ஸ்டுடியோவுக்குப் போய், அதே பாடல்களை முழு வாத்தியங்களோடு வாசித்துப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. தனியாகவே பாடி, நல்ல ஸ்டுடியோ கருவிகளில் பதிந்து பார்த்தார்கள். அதுவும் ஒட்டவில்லை. கடைசியில் பாக்கெட்டில் கிடந்த கேசட்டே ஆல்பமாக வந்தது. ‘நெப்ராஸ்கா’, 1982 செப்டம்பர் 30. கேசட்டில் ஒலியளவு அவ்வளவு குறைவாக இருந்ததால், அதை இசைத்தட்டாக வெட்டுவதே பெரும்பாடாகிவிட்டதாம்.

ராக் ரசிகர்கள் இதை ஸ்தல புராணம் மாதிரி சொல்வார்கள். எல்லாப் புராணத்தையும்போல இதற்கும் ஒரு பலன் உண்டு: முதல் பதிவுதான் உண்மை, அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வியாபாரம். கரடுமுரடாக இருந்தால் நேர்மை, வழவழப்பாக இருந்தால் பொய். பீட்டில்ஸ், நிர்வாணா என்று யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும், “டெமோ கேட்டிருக்கியா? ஆல்பத்துல கெடுத்துட்டானுங்க” என்று சொல்ல ஒரு ஆள் இருப்பார். பல சமயம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

ஆனால் அந்தப் பலனோடு எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. அதற்குக் காரணம் நான் வளர்ந்த இடம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. 2019ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஆனாலும் தோல் வாசனைக்கு மாவட்ட எல்லை தெரியாது. இங்கே ‘ரா’ என்பதற்கு எங்களிடம் இருக்கும் சொல் ‘பச்சை’. பச்சைத்தோல். உரித்த தோல் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பித்துவிடும். அதனால் உடனே உப்புப் போட்டாக வேண்டும். நீங்கள் லாரியில் பார்க்கும் ‘பச்சைத்தோல்’ உண்மையில் உப்புத்தோல். அதாவது, பச்சை என்று நாம் பேர் வைத்திருப்பதையே யாரோ ஒருவர் ஏற்கெனவே கைவைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

டெமோவும் இப்படித்தான். ஸ்பிரிங்ஸ்டீன் கேசட்டிலும் எக்கோ இருக்கிறது. குரலுக்கு மேல் குரலாக அடுக்கிப் பாடிய இடங்கள் இருக்கின்றன. மைக்கை எங்கே வைப்பது, எந்த டேக்கை வைத்துக்கொள்வது, எதன் மேல் திரும்பப் பதிவது என்று அந்தப் படுக்கையறையிலேயே எத்தனையோ முடிவுகள் நடந்திருக்கின்றன. பதிவு செய்வது என்பதே உப்புப் போடுவதுதான். பச்சைப் பாட்டு என்று ஒன்று பாடும்போது மட்டும் இருந்துவிட்டுப் போய்விடுகிறது.

இனி பாலிஷ் பக்கம். முடி நீக்கிய தோலை டிரம்மில் குரோமிய உப்போடு சுழற்றினால் வெளிர்நீலமாக வெளியே வரும். அது வெட் ப்ளூ. (தோலைத் தோலாக்குவதற்குப் பாலாறு கொடுத்த விலை தனிக்கதை. 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதிய கதை. அதை இங்கே ஆரம்பித்தால் பாட்டுக்குத் திரும்ப முடியாது.) நீலத்தில்தான் மாட்டின் வாழ்க்கை வரலாறு தெளிவாகத் தெரியும். உண்ணி கடித்த புள்ளிகள், முள்வேலி கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு, அம்மை வந்த தடம். தரம் பிரிப்பவர் ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரித்து, நாலைந்து விநாடி பார்த்து, எந்த அடுக்கு என்று சொல்லிவிடுவார். தழும்பு குறைந்தது அப்படியே ‘ஃபுல் கிரெய்ன்’ ஆகப் போகும். மேல்தோலைத் தொடமாட்டார்கள், விலையும் அதிகம். தழும்பு நிறைந்தது பஃபிங் மெஷினுக்குப் போகும். உப்புத்தாள் சுற்றிய உருளை மேற்பரப்பைச் சீவித் தூளாக்கிவிடும். பிறகு நிறப்பூச்சு. அதன் மேல் சூடான தகட்டை அழுத்தி, தோலின் ரேகை மாதிரியே ஒரு ரேகையை அச்சடிப்பார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். சொந்த ரேகையை எடுத்துவிட்டு, ரேகை போல ஒன்றை ஒட்டுவது. பாலிஷ் போட்ட ஆல்பங்களின் மேல் ரசிகர்களுக்கு இருக்கும் கோபம் அத்தனையும் இந்த ஒரு வேலையில் இருக்கிறது. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒட்டுவேலை இல்லாமல் வாசிக்க வேண்டும் என்று ஆரம்பித்த பதிவுகளை, 1970ல் ஃபில் ஸ்பெக்டர் கையில் கொடுத்தார்கள். அவர் ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்’ பாட்டின் மேல் வயலின் கூட்டத்தையும் பெண்கள் கோரஸையும் ஏற்றினார். பால் மெக்கார்ட்னியைக் கேட்கவில்லை. குழுவைச் சட்டப்படி பிரிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போனபோது மெக்கார்ட்னி இதையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

2003ல் அதற்குப் பரிகாரமாக ‘லெட் இட் பீ... நேக்கட்’ வந்தது. நிர்வாணமான பதிப்பு என்று பெயர். ஆனால் அதைச் செய்த விதம் சுவாரஸ்யம். வெவ்வேறு டேக்குகளிலிருந்து துண்டுகளை எடுத்து கம்ப்யூட்டரில் இணைத்தார்கள். சத்தங்களைச் சுத்தம் செய்தார்கள். பாட்டுக்கு நடுவே அவர்கள் பேசிக்கொண்டதையும் வெட்டினார்கள். பச்சையாகத் தெரிவதற்காக அதிகம் பதனிட்ட ஆல்பம் அது. ஆம்பூரில் இதற்கும் ஆர்டர் வரும். புது ஷூவை வேண்டுமென்றே தேய்த்து, பழசு மாதிரி, பத்து வருடம் போட்டது மாதிரி செய்து கொடுக்க வேண்டும். இப்போது இசை மென்பொருள்களில் டேப் இரைச்சலைச் சேர்க்கும் பிளக்-இன் விற்கிறார்கள். தாளத்தில் மனிதத் தடுமாற்றத்தைக் கலக்க ‘ஹியூமனைஸ்’ என்று ஒரு பட்டன். என் தொழிலில் அதற்குப் பெயர் ரேண்டம் நம்பர். ‘ஒய் திஸ் கொலவெறி’யை எடுத்துக்கொள்ளுங்கள். முடியாத பதிவு வெளியே கசிந்தது, அதனால் 2011 நவம்பர் 16 அன்று முறைப்படி வெளியிட்டார்கள். அந்த வீடியோவில் நாம் பார்த்தது என்ன? ஸ்டுடியோவில் சும்மா பாடிப் பார்ப்பது போன்ற ஒரு காட்சி. கசிவின் வசீகரத்தையே பாட்டுக்குச் சட்டையாகப் போட்டுவிட்டார்கள். தப்பில்லை. ஆனால் கரடுமுரடைக் கடையில் வாங்க முடியும் என்றான பிறகு, ‘கரடு = நேர்மை’ என்ற சமன்பாட்டை எப்படி வைத்துக்கொள்வது?

இன்னொன்று, எனக்கு முக்கியமானது. எங்கள் ஊரில் ‘ஃபினிஷிங்’ கெட்ட வார்த்தை கிடையாது. நெடுங்காலம் இந்தப் பகுதியிலிருந்து தோல் பாதி பதனிட்ட நிலையில்தான் கப்பலேறியது. ஷூவும் பையும் வெளிநாட்டில் ஆனது, லாபமும் அங்கேயே நின்றது. 1970களில் சீதாராமையா கமிட்டியின் பரிந்துரைக்குப் பிறகு அரசாங்கம் அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. முடித்த தோலாக, செருப்பாக இங்கேயே செய் என்றது. அதற்குப் பிறகுதான் ஷூ கம்பெனிகள் பெருகின, பெண்கள் கூட்டம் கூட்டமாகக் காலை பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். பச்சையாக விற்பது எங்களுக்கு ரசனையாக இருந்ததில்லை. கையில் வேறு வழி இல்லாததால் விற்றோம்.

இதைப் பாட்டுக்கும் வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங்ஸ்டீன் நெப்ராஸ்காவைக் கேசட்டாகவே வெளியிட்டபோது, அவருடைய முந்தைய ஆல்பம் ‘தி ரிவர்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தது. எந்த ஸ்டுடியோவும் அவருக்குத் திறந்திருந்தது. அவர் கரட்டைத் தேர்ந்தெடுத்தார். அதே சமயம் மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., கதையைப் பாருங்கள். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் அகதியாகத் திரும்பிப் போனவர். எலாஸ்டிகா குழுவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மனிடம் இரவல் வாங்கிய ரோலண்ட் எம்சி-505 கருவியில்தான் தன் முதல் டெமோக்களைச் செய்தார். 2005ல் வந்த ‘அருளர்’ ஆல்பத்தில் அந்த முரட்டு ஒலி மிச்சம் இருக்கிறது. அது முதலில் கையில் இருந்த கருவியின் அளவு, பிறகுதான் பாணி. இரண்டு கரடும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கலாம். ஒருவருக்கு அது துறவு, இன்னொருவருக்கு அது சம்பளம் வரும்வரை ஓட்டுவது.

அப்படியானால் கேள்வியை மாற்ற வேண்டியிருக்கிறது. பச்சையா பாலிஷா என்பதைவிட, எதை எடுத்தார்கள், எடுக்கச் சொன்னது யார் என்பதுதான் கேட்க வேண்டியது.

அந்தக் கோல்ட்ஸ் நெக் கேசட்டிலேயே ‘பார்ன் இன் தி யுஎஸ்ஏ’ பாட்டும் இருந்தது. வியட்நாமிலிருந்து திரும்பி வேலையில்லாமல் நிற்கும் ஒருவனின் புலம்பல். கேசட்டில் கேட்டால் (1998ல் அது வெளியானது) சந்தேகத்துக்கே இடமில்லை, இருட்டான பாட்டு. 1984ல் பேண்டோடு வந்த வடிவத்தில் சின்தசைசரும் டிரம்ஸும் ஒரு திருவிழாவைக் கிளப்புகின்றன. ஊரே கூடிக் கோரஸ் பாடியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ரீகன் நியூ ஜெர்சிக்குப் பிரச்சாரத்துக்கு வந்து, ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்களில் இருக்கும் நம்பிக்கையைப் பற்றிப் புகழ்ந்து பேசினார். பாலிஷ் அர்த்தத்தை அழித்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. அந்த 1984 வடிவமும் 1982லேயே எல்லோரும் ஒன்றாக நின்று, ஒருசில டேக்கில் வாசித்ததுதான். வரிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. புலம்புகிறவன் கத்துகிறான், அவ்வளவுதான். கத்துவதைக் கொண்டாட்டம் என்று கேட்டது கேட்டவர்களின் காது. இரண்டையும் முடிவு செய்தவர் பாடியவரே. அதனால் எது ‘உண்மை’ என்று நாம் தீர்ப்புச் சொல்ல அங்கே இடமில்லை. அவரே இரண்டையும் உண்மை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கையெழுத்துப் போட ஆள் இல்லாதபோதுதான் சிக்கல்.

ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் வீட்டில் பியானோவோடு பாடிய சில டெமோ கேசட்டுகளை 1994ல் யோகோ ஓனோ மற்ற பீட்டில்ஸிடம் கொடுத்தார். இரண்டு பாட்டுகளை முடித்து வெளியிட்டார்கள். மூன்றாவதான ‘நவ் அண்ட் தென்’னில் கரண்ட் இரைச்சல் ஒரே சீராக ஓடியது, குரலையும் பியானோவையும் பிரிக்க முடியவில்லை, விட்டுவிட்டார்கள். பிறகு பீட்டர் ஜாக்சன் குழு 2021ன் ‘கெட் பேக்’ ஆவணப்படத்துக்காக உருவாக்கிய மென்பொருள் அந்தக் குரலைத் தனியே உரித்தெடுத்தது. பாட்டு 2023 நவம்பர் 2 அன்று வந்தது. 2001லேயே இறந்துபோன ஜார்ஜ் ஹாரிசனின் கிடாரும் 1995 பதிவிலிருந்து வந்து சேர்ந்தது. 2025ல் சிறந்த ராக் நிகழ்த்துதலுக்கான கிராமியும் கிடைத்தது.

கேட்டால் கண் கலங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பழைய கேசட் பிரதியை வருடக்கணக்கில் கேட்டவர்களுக்கு ஒரு குறை உண்டு. டெமோவில் லெனன் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்த ஒரு பகுதியைப் புது வடிவத்தில் எடுத்துவிட்டார்கள். முடிவடையாத பகுதி, எடுப்பது நியாயம்தான். ஆனால் டெமோவில் ஒரு மனிதன் என்ன பாடப்போகிறோம் என்று தெரியாமல் பாடிக்கொண்டிருந்த இடமே அதுதான். மென்பொருள் கரண்ட் இரைச்சலை எடுத்தது, மனிதர்கள் தயக்கத்தை எடுத்தார்கள்.

சிக்னல் பிராசஸிங் வகுப்பில் இரைச்சலுக்கு இலக்கணம் சொல்வார்கள். வேண்டியது சிக்னல், வேண்டாதது நாய்ஸ். இவ்வளவு பெரிய கணிதத்துக்கு அடியில் இவ்வளவு எளிமையான, மனம்போன போக்கில் ஒரு வரி. ஒலி அலையைப் பிரித்துப் பார்த்தால் ‘நான் இரைச்சல்’ என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. யாரோ ஒருவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இன்றைய குரல் பிரிக்கும் மாடல்களுக்கும் அதுதான் பாடம். இது குரல், இது குப்பை என்று யாரோ பிரித்துக் கொடுத்த உதாரணங்களைப் பார்த்துப் பழகியவை. 2024ல் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில், இறந்துபோன பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவில் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினோம், ஊதியமும் கொடுத்தோம் என்று சொன்னார். சொன்னது நல்லது. ஆனால் குடும்பத்தின் கையெழுத்து பாடியவரின் கையெழுத்தாகுமா என்று அப்போது நண்பர்களோடு ரொம்ப நேரம் வாதாடினேன், ஆகாது என்ற கட்சியில் நின்று.

அதே வருடம் தங்கச்சி ஒரு கேசட் கொண்டுவந்தாள். என் சித்தப்பா பெண். சித்தப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் பஃபிங் மெஷினில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். சர்ச் கொயரில் கிடார் கற்றுக்கொண்டு, வாரக் கடைசிகளில் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர். 1996ல் தானே எழுதி மெட்டுப் போட்ட ஒரு பாட்டை வீட்டு டேப்ரிக்கார்டரில் பதிந்திருந்தார். 2012ல் இறந்துவிட்டார். அவளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் அப்பா பாட்டைப் போட வேண்டும், ‘க்ளீன்’ பண்ணிக் கொடு என்றாள்.

ஓடவிட்டுக் கேட்டேன். ஃபேன் சத்தம். தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். முதல் சரணத்துக்கு முன்னால் நீளமாக ஒரு இருமல். இரண்டாவது சரணத்தின் நடுவில் ரயில் வருகிறது. தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு அது. சித்தப்பா பாடுவதை நிறுத்திவிடுகிறார். கிடாரை மட்டும் அதே தாளத்தில் தட்டிக்கொண்டு, ரயில் முழுதும் போகும்வரை காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்து எடுக்கிறார்.

மென்பொருளில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் போயிற்று. ஃபேன் இல்லை, பாத்திரம் இல்லை, ரயில் இல்லை. குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது மாதிரி இருந்தது. ஆனால் ரயில் இருந்த இடத்தில் ஒரு ஆள் காரணமே இல்லாமல் நிறுத்திவிட்டு, கிடாரைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். வார்த்தை மறந்துவிட்டவர் மாதிரி. அவர் மறக்கவில்லை, வழி விட்டார். எதற்கு வழி விட்டார் என்பதைத்தான் நான் அழித்துவிட்டிருந்தேன்.

போனில் சொன்னேன். “ரயிலை விட்டுடலாம்மா. எடுத்தா பாட்டு புரியல.”

“ரயில் இருக்கட்டும்ணா. அது நல்லாதான் இருக்கு. இருமல் மட்டும் வேணாம்.”

“அதுவும் அவரோடதுதானே...”

“யாரோடதுன்னு எனக்குத் தெரியும். பதினஞ்சு வருஷம் ராத்திரியெல்லாம் கேட்டவ நான். நீ ஹெட்போன்ல கேக்கற.”

டாக்டர்கள் அந்த இருமலுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். சித்தி பஃபிங் தூள் என்று சொன்னாள். எனக்கு அது தழும்பு, ஃபுல் கிரெய்ன், கட்டுரைக்கு ஆகும் ஒரு விவரம். அவளுக்கு அது பக்கத்து அறை. எடுக்கச் சொல்ல யாருக்கு உரிமை என்று நண்பர்களிடம் பேசியதில் எதையும் அவளிடம் சொல்ல முடியவில்லை. சொல்லவும் தோன்றவில்லை. சித்தப்பாவே உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? மேடையில் இருமினால் மைக்கை மூடிக்கொள்கிறவர் அவர். “எடுத்துட்றா” என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அது என் நினைப்பு, அவர் வாய்ச்சொல் கிடையாது.

மூலக் கேசட்டிலிருந்து எடுத்த முழுப் பதிவை அப்படியே தனியாக வைத்தேன். பஃபிங் மெஷினில் போன தோல் திரும்பாது, எங்கள் தொழிலில் அந்த ஒரு வசதி உண்டு. ஆனால் பட்டனை அழுத்தினால் முதலில் எது ஓடுகிறதோ அதுதான் பாட்டாகிவிடும், இன்னொன்று ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் என்பதும் தெரியும். இருமலை வெட்டினேன். வெட்டிய இடம் திடீரென்று வெறுமையாகக் கேட்டது. மண்டப ஸ்பீக்கரில் அது டக்கென்று தெரியும். அதனால் கேசட்டின் கடைசியில் இருந்த வெறும் ஃபேன் சத்தத்தில் இரண்டு விநாடியை எடுத்து அங்கே ஒட்டினேன். ரேகை அச்சடிப்பது என்றால் இதுதான்.

ரிசப்ஷனில் போட்டார்கள். பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தார்கள். ரயில் வந்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் தலையைத் தூக்கினார்கள். “பிருந்தாவன் போவுது பாரு” என்றார் ஒருவர். “பிருந்தாவன் எங்க, இது லால்பாக்” என்றார் பக்கத்தில் இருந்தவர். சாயங்காலம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தானே வரும் என்று இன்னொருவர் சேர்ந்துகொண்டார். சித்தப்பா விட்ட சொல்லிலிருந்து மறுபடி எடுத்தபோதும் அவர்கள் அதைப் பேசி முடிக்கவில்லை.